ஊர் வாயும் தலையணைக் குழந்தையும்

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்ற பழமொழியை நம்மிடம் யாரும் சிரித்துக்கொண்டே சொல்வதில்லை. பெரும்பாலும் அது பெண்களைப் பார்த்துச் சொல்லப்படுவது. ‘அதனால் நீதான் ஒழுங்காக இருக்க வேண்டும்’ என்கிற இரண்டாம் பாதியை வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை, கேட்பவளுக்கு அது தெரியும். ஆனால் இதே ஊர் வாயை வேடிக்கையான, செல்லமான, குளிருக்கு இதமான ஒன்றாகக் காட்டும் ஒரு கதை வகை ஆங்கிலத்தில் நூற்றெழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவருகிறது. ஒரு சின்ன ஊர். அதில் எல்லோரும் கொஞ்சம் கழன்ற ஆட்கள். காபிக்கடையில், மளிகைக்கடை வாசலில், ஊர்க்கூட்டத்தில் ஒருவரை ஒருவர் முட்டிக்கொள்கிறார்கள், அபத்தமாக ஏதோ பேசுகிறார்கள், பிரிகிறார்கள். மறுநாளும் அதே. பெரிய சம்பவம் எதுவும் நடப்பதில்லை. எலிசபெத் கேஸ்கலின் ‘கிரான்ஃபர்ட்’ நாவல் இந்த வகையின் கொள்ளுப்பாட்டி என்றால், 2000 முதல் 2007 வரை ஓடிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ‘கில்மோர் கேர்ள்ஸ்’ அதன் பேத்தி. இன்றைக்கு நம் கல்லூரி விடுதிகளில் பெண்கள் தலையணையைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு செல்போனில் பார்ப்பது பேத்தியைத்தான்.

இந்த வகைக் கதைகளை நான் ரசிக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘ஒன்றுமே நடக்காத கதை’ என்று இவற்றைத் தள்ளும் விமர்சனம், யாருக்கு என்ன நடந்தால் அது ‘நடந்தது’ என்று கணக்கில் சேரும் என்ற கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்வதே இல்லை. போர் நடந்தால் நாவல், பால் புளித்தால் வம்பா? ஆனால் ரசிப்பதாலேயே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஊர் வாய் எப்போது நகைச்சுவையாகிறது? யாருக்கு? அதற்கான விலையை யார் கொடுத்து முடித்திருக்க வேண்டும்?

கிரான்ஃபர்ட், சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ வார இதழில் 1851 டிசம்பரிலிருந்து 1853 மே வரை விட்டு விட்டு வந்தது. அந்த ஊர் நட்ஸ்ஃபர்ட் என்கிற செஷயர் சிற்றூரின் மறுவடிவம். தாயை இழந்த கைக்குழந்தையாகக் கேஸ்கல் அங்கே பெரியம்மா வீட்டுக்கு வந்து வளர்ந்தவர். நாவலில் வரும் ஊரில் வீடும் வாசலும் பெண்கள் கையில். மணமாகாதவர்கள், விதவைகள், வயதானவர்கள். ஒரு பசு சுண்ணாம்புக் குழியில் விழுந்து முடியெல்லாம் கொட்டிப்போக, அதற்குச் சாம்பல் நிறக் கம்பளித் துணியில் சட்டை தைத்து மாட்டி மேய்ச்சலுக்கு அனுப்புகிறார்கள். பாலில் ஊறவைத்திருந்த விலையுயர்ந்த லேஸ் துணியைப் பூனை பாலோடு சேர்த்து விழுங்கிவிட, அதற்கு வாந்தி மருந்து கொடுத்துத் துணியை மீட்டு, துவைத்து, மறுபடி கழுத்தில் அணிகிறார் ஒரு சீமாட்டி. ஆரஞ்சுப் பழத்தை உறிஞ்சிச் சாப்பிடுவது நாகரிகமில்லை, ஆனால் அப்படிச் சாப்பிட்டால்தான் ருசி. ஆகவே அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு பழத்தை எடுத்துக்கொண்டு தத்தம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் இந்த நகைச்சுவைகளின் அடியில் எப்போதும் ஒரு கணக்குப் புத்தகம் திறந்தே இருக்கிறது. மிஸ் மேட்டி இரண்டு மெழுகுவர்த்திகள் வைத்திருப்பார், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஏற்றுவார். ஆனால் திடீரென்று யாராவது வந்துவிட்டால் இரண்டும் எரிந்துகொண்டிருந்ததுபோல் தெரிய வேண்டுமே. அதற்காக இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கும்படி மாற்றி மாற்றி ஏற்றுவார். இன்னொரு வீட்டில் தேநீர் விருந்து. உட்கார்ந்திருக்கும் விருந்தாளிகளைக் கொஞ்சம் எழச் சொல்லி, சோபாவுக்கு அடியிலிருந்து தட்டை இழுத்தெடுக்கிறாள் வேலைக்காரச் சிறுமி. யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. காலையெல்லாம் தன் கையால் கேக் சுட்ட வீட்டுக்காரம்மா, சமையலறையிலிருந்து இன்று என்ன வருமோ தெரியாதே என்ற முகத்தோடு அமர்ந்திருக்கிறார். விருந்தாளிகளுக்கு உண்மை தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஏழ்மையை ஏழ்மை என்று சொல்லாமல் இருப்பதற்கான ஒரு கூட்டு ஒப்பந்தம்தான் இந்த ஊரின் ‘கிறுக்குத்தனம்’. ஓய்வூதியத்தில் வாழும் கேப்டன் பிரவுன், தனக்கு வசதி போதாது என்று நடுத்தெருவில் உரக்கச் சொல்லும்போது ஊர் ஏன் அதிர்ந்துபோகிறது என்பது இப்போது விளங்கும். ஓர் ஆண் தன் வறுமையைச் சத்தமாகச் சொல்லிவிட்டும் தலைநிமிர்ந்து நடக்கலாம். தனியே வாழும் பெண்ணுக்குக் கௌரவம் ஒன்றுதான் கையிருப்பு. அதைச் செலவழித்துவிட்டால் மீதி எதுவும் இல்லை.

இந்த ஒப்பந்தத்தின் இன்னொரு பக்கம் வங்கி திவாலாகும்போது தெரிகிறது. மிஸ் மேட்டியின் சேமிப்பு முழுவதும் போகிறது, ஆண்டுக்குப் பதின்மூன்று பவுண்டு மட்டுமே மிஞ்சும் நிலை. செய்தி கசிந்த அன்றைக்குக் கடையில் ஒரு விவசாயி வைத்திருந்த ஐந்து பவுண்டு நோட்டைக் கடைக்காரர் வாங்க மறுக்கிறார். மேட்டி தன் கையிலிருந்த ஐந்து சவரனைக் கொடுத்து அந்தச் செல்லாத நோட்டை வாங்கிக்கொள்கிறார். (நம் நகைக்கடைச் ‘சவரன்’ இந்தத் தங்க நாணயத்தின் பெயரிலிருந்து வந்ததுதான்.) வங்கியின் பங்குதாரர்களில் தானும் ஒருத்தி என்பது அவர் சொன்ன காரணம். பிறகு தோழிகள் கூடுகிறார்கள். ஆண்டுக்கு எவ்வளவு தர முடியும் என்று ஒவ்வொருவரும் தாளில் எழுதி, ஒட்டி, மற்றவர் பார்க்காமல் கொடுக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி தருவது தன் மொத்த வருமானத்தில் இருபதில் ஒரு பங்கு. வம்பு பேசும் அதே வாய்கள் இந்த விஷயத்தில் மட்டும் கல்லாகிவிடுகின்றன. உதவி எங்கிருந்து வருகிறது என்று மேட்டிக்குக் கடைசிவரை தெரியாது. ஊர் வாயை மூட முடியும் என்பதற்கு இலக்கியத்தில் நான் அறிந்த மிக அழகான சாட்சி இது. மூட வேண்டிய இடம் எது என்று பெண்கள் முடிவு செய்தார்கள், மூடினார்கள்.

ஆனால் இந்த நாவலில் சிரிப்பு செத்துப்போகும் ஓர் இடம் உண்டு. அதைத் தாண்டி வேகமாகப் போய்விடுகிற வாசிப்புகளே அதிகம்.

மேட்டியின் தம்பி பீட்டர் ஒரு குறும்புக்காரன். ஊருக்குப் பேசுவதற்கு ஏதாவது விஷயம் கொடுக்க வேண்டும் என்பது அவன் ஆசை. ஒருநாள் மூத்த அக்கா டெபராவின் பழைய உடுப்பைப் போட்டு, அவளுடைய சால்வையும் தொப்பியும் அணிந்து, ஒரு தலையணையைக் கைக்குழந்தைபோல் சுற்றி எடுத்துக்கொண்டு, வீட்டுத் தோட்டத்தில் வேலி ஓரமாகக் கொஞ்சிக்கொண்டே நடக்கிறான். வேலிக்கு வெளியே கூட்டம் கூடிவிடுகிறது. பாதிரியாரான அப்பா வருகிறார், பார்க்கிறார். உடுப்பைக் கிழித்தெறிகிறார், தலையணையைக் கூட்டத்துக்குள் வீசுகிறார், எல்லோர் முன்னாலும் மகனைப் பிரம்பால் விளாசுகிறார். பையன் நிமிர்ந்து நின்று அடி வாங்குகிறான். முடிந்ததும் கூட்டத்துக்கு ஒரு வணக்கம் வைக்கிறான், உள்ளே போய் அம்மாவைப் பார்த்துவிட்டு, அன்றே ஓடிப்போகிறான். அம்மா அந்த ஏக்கத்திலேயே நோயுற்று இறந்துபோகிறார்.

பசுவுக்குச் சட்டை தைக்கும் ஊரில் ஒரு தலையணை ஏன் இத்தனை பெரிய அழிவைக் கொண்டுவர வேண்டும்? டெபரா அந்த நேரம் ஊரிலேயே இல்லை. குழந்தையும் இல்லை. இருந்தது ஒரு சாத்தியம் மட்டும்தான்: மணமாகாத மகளின் கையில் ஒரு பிள்ளை. அந்தச் சாத்தியத்தின் நிழல்கூடத் தோட்டத்து வேலியைத் தாண்டி விழக்கூடாது. இங்கே மட்டும் ஊர் வாய்க்குப் பல் இருக்கிறது. கிரான்ஃபர்டின் மற்ற எல்லாச் சிரிப்பும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு, தொடாமல் போகும் சிரிப்பு.

இதைக் கேஸ்கல் தெரியாமல் எழுதவில்லை. கிரான்ஃபர்ட் இதழில் வந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1853இன் தொடக்கத்தில், அவருடைய ‘ரூத்’ நாவல் வெளியானது. அது மணமாகாமல் தாயாகும் ஒரு தையல்காரப் பெண்ணின் கதை. அதில் தலையணை கிடையாது, உண்மையான குழந்தை. ஊர் வேடிக்கையான ஊரும் இல்லை. ரூத் விதவை என்று பொய் சொல்லி வாழ்கிறாள், உண்மை வெளிவருகிறது, விரட்டப்படுகிறாள், கடைசியில் தன்னைக் கைவிட்டவனுக்கே நோய்ப்படுக்கையில் பணிவிடை செய்து, அந்தத் தொற்றில் இறக்கிறாள். கேஸ்கலின் கணவர் போதகராக இருந்த சபையைச் சேர்ந்த இருவர் அந்தப் புத்தகத்தை எரித்தார்கள் என்று கேஸ்கலே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஒரே கை, ஒரே காலம், இரண்டு ஊர்கள். சிரிப்பு ஊருக்குள் நுழைய அனுமதிக்கப்படாத பெண்ணுக்குத் தனியாக ஒரு சோக நாவல் கட்ட வேண்டியிருந்தது.

இனி ஸ்டார்ஸ் ஹாலோ. ஏமி ஷெர்மன்-பல்லடினோ உருவாக்கிய ‘கில்மோர் கேர்ள்ஸ்’ நடக்கும் கற்பனை ஊர். நாயகி லோரலாய் பதினாறு வயதில் மணமாகாமல் கர்ப்பமானவள். பெற்றோர் ஹார்ட்ஃபர்டில் பெரும் பணக்காரர்கள். அவர்கள் ஏற்பாடு செய்ய நினைத்த திருமணத்தை மறுத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து, ஒரு தங்கும் விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்ந்து, விடுதித் தோட்டத்தின் கொட்டகையில் மகள் ரோரியை வளர்த்தவள். பீட்டரின் தலையணைக்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து உயிர் வந்துவிட்டது. இம்முறை அது நகைச்சுவைக் கதையின் நடுவீட்டில் உட்கார்ந்திருக்கிறது. பிரம்பும் கிடையாது, நெருப்பும் கிடையாது. ஊரே அவளைக் கொண்டாடுகிறது.

இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ரூத்தாக இருக்க வேண்டியவள் மிஸ் மேட்டியின் ஊரில் வாழ்கிறாள், அதுவும் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்துக்கொண்டு, யாரையும் விடப் பலமாகப் பேசிக்கொண்டு. அவளுக்குச் சமைக்கத் தெரியாது. ஏழு சீசன்களிலும் கற்றுக்கொள்வதும் இல்லை. சமைக்கத் தெரியாத தாயை அதற்காகத் தண்டிக்காமல் விட்ட கதைகள் எத்தனை என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். அவளுக்குச் சோறு போடுவது காபிக்கடை லூக், அதுவும் முணுமுணுத்துக்கொண்டே.

ஆனால் தொடர் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். கொட்டகையில் அல்ல. அந்த ஆண்டுகள் எல்லாம் முடிந்து, லோரலாய் அதே விடுதிக்கு மேலாளராகி, சொந்த வீடு வாங்கி, மகளுக்குப் பதினாறு வயதாகும்போதுதான் முதல் காட்சி வருகிறது. கர்ப்பத்தையும் வேலை தேடி வந்த நாளையும் மூன்றாம் சீசனில் ஓர் அத்தியாயம் பின்னோக்கிப் பார்க்கிறது. அதற்கு மேல் அவை வசனங்களில்தான். கைக்குழந்தையை எங்கே படுக்க வைத்துவிட்டுப் படுக்கை விரிப்பு மாற்றினாள், குழந்தைக்குக் காய்ச்சல் வந்த இரவில் என்ன செய்தாள், மாதக் கடைசியில் கையில் எவ்வளவு இருந்தது என்பவை நகைச்சுவைக்கு முந்திய காலம். பட்ட கஷ்டம் பழங்கதையான பிறகே கிறுக்கு ஊரின் கதவு திறக்கிறது. மகளின் தனியார் பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் தேவைப்படும்போது, கேட்பதற்கு ஹார்ட்ஃபர்டில் ஒரு வாசல் இருக்கிறது. விலை, வெள்ளிக்கிழமைதோறும் பெற்றோர் வீட்டில் இரவு உணவு. அந்த உணவு மேசைச் சண்டைகள்தான் தொடரின் மிகக் கூர்மையான பகுதி. பணம் கொடுப்பவர் முன்னால் சிரிப்பு எப்படிப் பிசகும் என்று அந்தக் காட்சிகளுக்குத் தெரியும்.

ஊருக்குள் நடக்கும் கண்காணிப்புக்கு வருவோம். ஸ்டார்ஸ் ஹாலோவில் அந்தரங்கம் என்று ஒன்று கிடையாது. நடனப் பள்ளி நடத்தும் மிஸ் பேட்டியும் பக்கத்து வீட்டு பபெட்டும் ஊர்ச் செய்தியின் இரண்டு ஒலிபெருக்கிகள். லோரலாயும் லூக்கும் காதலிக்கத் தொடங்கினால் ஊர்க்கூட்டத்தில் அது விவாதப் பொருளாகிறது. பிரிந்தால் ஊரின் வணிகம் என்ன ஆகும் என்று மளிகைக்கடை டெய்லர் கவலைப்படுகிறார். பிறகு அவர்கள் உண்மையிலேயே மனம் கசந்து நிற்கும்போது, யார் யார் பக்கம் என்று காட்ட ஊர்க்காரர்கள் இரண்டு நிறத்தில் ரிப்பன் குத்திக்கொள்கிறார்கள். தன் முறிவு ஊரின் சட்டையில் ரிப்பனாகத் தொங்குவதைக் காணும் பெண்ணின் முகத்தை ஒரு கணம் நிறுத்திப் பார்த்தால் அது நகைச்சுவையா என்ற ஐயம் வரும். தொடர் நிறுத்துவதில்லை.

ஒரு வகுப்பில் இந்தத் தொடரின் சில பகுதிகளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தோம். ரோரி ஊர் மளிகைக்கடையில் வேலை பார்க்கும் பையனிடமிருந்து முதல் முத்தம் பெறும் அத்தியாயம், அதுவும் அந்தக் கடைக்குள்ளேயே. கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி கேட்டாள்: “இந்த ஊர்ல யாருமே வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்ல மாட்டாங்களா மேடம்?” வகுப்பு வெடித்துச் சிரித்தது. கேட்டவள் சிரிக்கவில்லை. கடைத்தெருவில் ஒருவனோடு நின்று பேசியதற்காகப் படிப்பு நின்றுபோன பெண்ணை அந்த வகுப்பில் பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கும். அவள் கேட்டது ஒரு கோட்பாட்டுக் கேள்வி என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். கண் இருக்கிறது, வாய் இருக்கிறது, ஆனால் அந்த வாயிலிருந்து வீட்டுக்குள் இருக்கும் கைக்குத் தந்தி போவதில்லை. ஏன்?

பதில் அதே அத்தியாயத்தில் இருக்கிறது. ஒருவர் போய்ச் சொல்கிறார். ரோரியின் தோழி லேன் கிம்மின் அம்மா, மிஸஸ் கிம். கொரியாவிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம், பழைய மரச்சாமான் கடை. இந்த ஊரிலேயே பல் உள்ள ஒரே வாய் அவருடையது. லேன் ராக் இசைக் குறுந்தட்டுகளைத் தரைப் பலகைக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள், அலமாரிக்குள் புகுந்து பாட்டுக் கேட்கிறாள், திருட்டுத்தனமாக டிரம்ஸ் கற்கிறாள். எல்லாம் மிக வேடிக்கையாக எடுக்கப்பட்ட காட்சிகள். ஆனால் கணக்கு எப்படி முடிகிறது என்று பாருங்கள். பெண்ணைக் கட்டுப்படுத்தும் ஊர் வழக்கம் முழுவதும் ஒரு குடியேறிய ஆசியத் தாயின் தலையில் ஏற்றப்பட்டுவிட்டதால், மீதி வெள்ளை ஊர் சுத்தமாகிவிடுகிறது. ஒரு பெண்ணின் முத்தத்தை உற்றுப் பார்த்த ஊர் முழுவதும் அன்பானது, அதைச் சொன்ன கொரியப் பெண்மணி மட்டும் கொடுமைக்காரி.

லேனுக்குக் கிடைக்கும் கதையும் அப்படித்தான். மணமாகும்வரை காத்திருக்கிறாள், தேனிலவில் முதல் அனுபவம் கசப்பாக அமைகிறது, அதிலேயே கர்ப்பம், இரட்டைக் குழந்தைகள். மேடையில் டிரம்ஸ் வாசிக்க வேண்டியவளின் கனவு ஏழாம் சீசனில் இரண்டு தொட்டில்களுக்கு நடுவே சுருங்கிக் கிடக்கிறது. விதி மீறிய லோரலாய்க்கு ஊர் முழுக்கச் சிரிப்பு. விதிப்படி நடந்த லேனுக்குத் தண்டனை, அதுவும் நகைச்சுவையாகப் பரிமாறப்பட்டது. லேனின் பாத்திரம் ஷெர்மன்-பல்லடினோவின் தோழியும் தொடரின் தயாரிப்பாளர்களில் ஒருவருமான ஹெலன் பாயின் வாழ்க்கையிலிருந்து பிறந்தது. அவளுடைய இசைக்குழுவின் பெயரான ‘ஹெப் ஏலியன்’ ஆங்கிலத்தில் அந்தத் தோழியின் பெயர் எழுத்துகளைக் கலைத்துப் போட்டது. தோழிக்கு இவ்வளவு அன்போடு மரியாதை செய்தவர்கள், அவள் பாத்திரத்துக்கு ஏன் இப்படி ஒரு முடிவு வைத்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வேலைக்காரர்கள் விஷயத்தில் கொள்ளுப்பாட்டி பேத்தியைவிட முன்னே நிற்கிறாள். லோரலாயின் அம்மா எமிலி வீட்டில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் பணிப்பெண் மாறுகிறாள். யாரும் அவர் பார்வைக்குத் தப்புவதில்லை. இது தொடரின் நீண்ட நகைச்சுவைகளில் ஒன்று. வேலை போன அந்தப் பெண்கள் எங்கே போனார்கள் என்று பணிப்பெண்ணாக வாழ்க்கையைத் தொடங்கிய லோரலாய்கூட நின்று கேட்பதில்லை. 2016இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த தொடர்ச்சியில் பெர்ட்டா என்ற பணிப்பெண் வருகிறாள். அவள் பேசும் மொழி என்னவென்று வீட்டில் எவருக்கும் தெரியாது, அதுதான் சிரிப்பு. அவளாக நடிக்கும் ரோஸ் அப்டூவேதான் ஊர் மெக்கானிக் ஜிப்ஸியாகவும் நடிப்பவர். ஜிப்ஸியாக வரும்போது அவர் சொற்கள் கத்திபோல் வந்து விழும். பெர்ட்டாவாக வரும்போது அதே நடிகையிடமிருந்து அர்த்தம் பிடுங்கப்பட்டுவிடுகிறது.

மிஸ் மேட்டியின் பணிப்பெண் மார்த்தாவுக்கு 1853இலேயே பெயரும் குரலும் கோபமும் உண்டு. காதலன் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அந்த வீட்டு விதி. குடும்பத்தின் அந்தஸ்துக்கு ஒத்துவராது என்பதால் ஹோல்புருக் என்ற விவசாயியை இளவயதில் மறுத்துவிட்ட மேட்டி, அவர் இறந்த செய்தி கேட்ட பிறகு மார்த்தாவைக் கூப்பிட்டு, உனக்குப் பிடித்தவன் வாரம் ஒருமுறை வரலாம் என்கிறார். தன் இழப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. விதியை மட்டும் மாற்றிவிடுகிறார். வங்கி திவாலாகிச் சம்பளம் கொடுக்க முடியாமல் போகும்போது மார்த்தா போக மறுக்கிறாள், கத்துகிறாள், கையில் பணமில்லாத அன்றைக்குப் படுத்திருக்கும் சிங்கம்போல் ஒரு புட்டிங் செய்துகொண்டு வந்து மேசையில் வைக்கிறாள், காதலன் ஜெம்மைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உடனே கல்யாணம் செய்துகொண்டு வீடு எடுக்க வேண்டும், அதில் மிஸ் மேட்டி குடியிருக்க வேண்டும் என்கிறாள். திகைத்து நிற்கும் ஜெம்மின் முகம் நாவலின் மிகச் சிரிப்பான இடங்களில் ஒன்று. வேலைக்காரியின் விசுவாசத்தை இப்படிக் கொண்டாடுவதிலும் எஜமானர்களின் ஆசை கலந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் முடிவெடுப்பவள் அவள். பெர்ட்டாவுக்கு வினைச்சொல்கூடக் கிடைக்கவில்லை.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? ஸ்டார்ஸ் ஹாலோ பிறந்த கதையை ஷெர்மன்-பல்லடினோ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கனெடிகட் மாநிலத்தின் வாஷிங்டன் என்ற சிற்றூரில் ஒரு விடுதியில் தங்கினார். காபிக்கடையில் பரிமாறுபவர் வேலையாக இருக்க, வாடிக்கையாளர்கள் தாங்களே எழுந்து போய்க் காபி ஊற்றிக்கொண்டார்கள். என்ன அழகான ஊர் என்று தோன்றியது. கதை பிறந்தது. அது விருந்தாளியின் கண். படப்பிடிப்பு கலிஃபோர்னியாவின் பர்பாங்கில், வார்னர் பிரதர்ஸ் வளாகத்துச் செட்டுத் தெருக்களில். வாடிக்கையாளர் தானே காபி ஊற்றிக்கொள்வது அவருக்கு ஊர் அன்பாகத் தெரிந்தது. அங்கே பரிமாறிக்கொண்டிருந்தவருக்கு அது ஆள் போதாத ஒரு காலை நேரமாகத் தெரிந்திருக்கலாம். கேஸ்கலும் மான்செஸ்டரிலிருந்துதான் எழுதினார், அவருடைய கதைசொல்லி மேரியும் வெளியூரிலிருந்து வந்துபோகிறவள்தான். ஆனால் வளர்த்த பெரியம்மா வீட்டில் மெழுகுவர்த்தி எப்படிச் சேமிக்கப்படும் என்று பார்த்துத் தெரிந்துகொண்ட கண் அது.

கனடாவின் ‘ஷிட்ஸ் கிரீக்’ (2015–2020) பற்றிக் கொஞ்சம். இந்த வகையின் விதியைத் தெரிந்தே திருத்திய தொடர் அது. தன்பாலின வெறுப்பே இல்லாத ஊராக அதைக் காட்டுவோம் என்று டான் லெவி முடிவு செய்தார், அப்படியே காட்டினார். ஊர் வாயின் பற்களைப் பிடுங்குவது எழுதுபவர் கையில்தான் இருக்கிறது என்று அது நிரூபித்தது. ஆனால் அங்கேயும் ட்வைலா இருக்கிறாள். காபிக்கடையில் பரிமாறும் பெண், சோகக் கதைகளைப் புன்னகையோடு சொல்பவள். கடைசி சீசனில் ஓர் உண்மை வெளிவருகிறது: அவளுக்கு எப்போதோ லாட்டரியில் பெரும் பணம் விழுந்திருக்கிறது. இருந்தும் இவ்வளவு நாள் அதே மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், பிடித்திருந்ததால். நமக்குக் காபி கொண்டுவருபவள் தேவைக்காகக் கொண்டுவரவில்லை, ஆசையாகத்தான் கொண்டுவருகிறாள் என்ற உறுதிமொழி. வேடிக்கையான சின்ன ஊர்க் கதைகள் நமக்குத் தருகிற ஆறுதல்களிலேயே அதிகம் சந்தேகிக்க வேண்டியது இதுதான்.

கிரான்ஃபர்டின் மகிழ்ச்சியான முடிவுக்கும் பணம் எங்கிருந்தோ வர வேண்டியிருந்தது. அது நம் பக்கத்திலிருந்து போகிறது. ஓடிப்போன பீட்டர் இந்தியாவில் அவுரித் தோட்டம் வைத்துச் சம்பாதித்துத் திரும்புகிறார். மிஸ் மேட்டி தேயிலை விற்பதை நிறுத்திவிடலாம். அவுரி பயிரிட்டவர்கள் நாவலில் இல்லை. ஆனால் வேறு சிலர் இருக்கிறார்கள். ஊருக்கு வரும் வித்தைக்காரரின் மனைவி தன் கதையைச் சொல்கிறாள். கணவன் இந்தியாவில் பட்டாளத்தில் இருந்தபோது ஆறு குழந்தைகளைப் பறிகொடுத்தவள். ஏழாவது குழந்தையையாவது காப்பாற்ற வேண்டும் என்று கல்கத்தாவை நோக்கிக் காடும் மேடுமாக நடக்கிறாள். வழியில் கிராமங்களில் கையில் குழந்தையோடு வரும் வெள்ளைக்காரியைப் பார்த்துப் பெண்கள் வெளியே வந்து அரிசியும் பாலும் கொடுக்கிறார்கள், சில இடங்களில் பூவும். மொழி புரியாது, கையிலிருக்கும் குழந்தை புரியும். முன்பின் தெரியாத ஊர்களின் வாசலில் நிற்கும் தாயும் பிள்ளையும், கேள்வி கேட்காத பெண்கள். தலையணைக் குழந்தையைக் கூட்டத்துக்குள் வீசியெறிந்த தோட்டத்துக்கு நேர் எதிரான காட்சி இது. அதைக் கேஸ்கல் இங்கிலாந்துக்கு வெளியே வைத்தார்.

2016 தொடர்ச்சியின் கடைசிக் காட்சியில் ரோரி ஊர் நடுவிலிருக்கும் மண்டபத்தின் படிக்கட்டில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். முப்பத்திரண்டு வயது, மணமாகவில்லை, நிலையான வேலை இல்லை. தான் கர்ப்பமாக இருப்பதைச் சொல்கிறாள். திரை கறுப்பாகிவிடுகிறது. தொடக்கத்திலிருந்தே இதுதான் கடைசி வசனம் என்று ஷெர்மன்-பல்லடினோ மனதில் வைத்திருந்தாராம். லோரலாயின் முகம் என்ன ஆகிறது, மறுநாள் காலை மிஸ் பேட்டியும் பபெட்டும் என்ன பேசுகிறார்கள், ஊர்க்கூட்டத்தில் டெய்லர் அதை எந்த எண்ணிட்ட பொருளாக வைக்கிறார், முதல் வருடம் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால் இருக்கிறது. ‘ரூத்’ நாவலுக்கு அந்த இடத்தில் இன்னும் இரண்டு பாகங்கள் மிச்சமிருந்தன.